மூன்று மஞ்சள் ஒயர்கள்

புது பேட்டரி போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. காலையில் செல்ஃப் பட்டனை அமுக்கினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, வண்டி எடுக்கவில்லை. பேட்டரிக் கடைக்காரரிடம் சண்டை போட்டு வாரண்டியில் மாற்றி வாங்குகிறோம். சில வாரங்களில் அதே கதை. அந்தக் கடைக்காரர் மேல் பெரும்பாலும் தவறு இருக்காது. பேட்டரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். ஓடுகிற வண்டிக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் பிறப்பது எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள், ஆயில் தெறிக்கும் வெக்கையில் உட்கார்ந்திருக்கும் செம்புக் கம்பிச் சுருள்களில். மெக்கானிக்குகள் அதைக் ‘காயில்’ என்றோ ‘மேக்னெட் காயில்’ என்றோ சொல்வார்கள். உதிரிபாகக் கடையில் ஸ்டேட்டர் என்று கேட்க வேண்டும்.

எரிந்த ஸ்டேட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவது ஓரளவு கைப்பழக்கம் உள்ள எவரும் ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய வேலை. கடினமான பகுதி அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. எரிந்தது அதுதானா, ஏன் எரிந்தது, புதியது சரியாக வேலை செய்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் வண்டியை வெளியே எடுத்தால், அடுத்த ஸ்டேட்டரும் அதே வழியில் போகும். விடை காண்பதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

1831 அக்டோபர் 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தார். கால்வனோமீட்டரின் முள் அசைந்தது. காந்தத்தை வெளியே இழுத்தபோது முள் எதிர்ப்பக்கம் அசைந்தது. காந்தம் சும்மா இருந்தபோது முள்ளும் சும்மா இருந்தது. மறு ஆண்டே பாரிஸில் இப்போலிட் பிக்ஸி என்ற கருவித் தயாரிப்பாளர், அசையாமல் நிற்கும் இரண்டு சுருள்களுக்கு எதிரே ஒரு லாடக் காந்தத்தைக் கைப்பிடியால் சுழற்றும் எந்திரத்தைச் செய்தார். காந்தம் சுழல வேண்டும், சுருள் அசையக் கூடாது என்ற அந்த ஏற்பாடு ஏறக்குறைய அப்படியே இன்றைய மோட்டார்சைக்கிளில் இருக்கிறது. சுருள் அசையாததால் மின்சாரத்தை வெளியே எடுக்கக் கார்பன் பிரஷ் தேவையில்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. கிராங்க் தண்டின் முனையில் கிண்ணம்போல ஒரு ஃப்ளைவீல். அதன் உட்சுவரில் வடக்கும் தெற்குமாக மாறி மாறிக் காந்தங்கள். கிண்ணத்துக்குள் தொடாமல் நிற்கும் ஸ்டேட்டர். எஞ்சின் சுற்றும் வரை மின்சாரம் வந்துகொண்டே இருக்கும்.

பரவலாக உள்ள ஒரு மும்முனை ஸ்டேட்டரை எடுத்துக்கொள்வோம். மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த வளையம். அதிலிருந்து வெளிநோக்கி 18 பற்கள். தகடுகளாக அடுக்கக் காரணம், கட்டி இரும்பாக இருந்தால் மாறும் காந்தப்புலம் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கி இரும்பைச் சுட வைத்துவிடும் என்பதுதான். ஒவ்வொரு பல்லிலும் எனாமல் பூசிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மூன்று பற்களுக்கு ஒன்று என ஆறு பற்களின் சுருள்கள் சேர்ந்து ஒரு ஃபேஸ். மூன்று ஃபேஸ்களிலிருந்தும் மூன்று ஒயர்கள் வெளியே வரும். பல ஜப்பானிய வண்டிகளில் மூன்றுமே மஞ்சள் நிறம். ஃப்ளைவீலில் 12 காந்த முனைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 அலைகள். நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் நொடிக்கு 500 அலைகள், அதாவது 500 ஹெர்ட்ஸ். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இந்த 500 பின்னால் நமக்குத் தேவைப்படும்.

மூன்றும் ஒரே நிறம் என்றால் எதை எதோடு சேர்ப்பது என்று பலர் தயங்குவார்கள். எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம். வயல் மோட்டாரில் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இங்கே சுற்றும் திசையைக் கிராங்க் தண்டு தீர்மானிக்கிறது. அந்தப் பக்கம், மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கும் ரெக்டிஃபையரின் ஆறு டையோடுகளுக்கும் எந்த ஃபேஸ் முதலில் வருகிறது என்பது பொருட்டே அல்ல.

இனி, இந்தக் கருவியின் மிக அழகான குணத்துக்கு வருகிறேன். சுற்றும் வேகம் இரட்டித்தால் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தமும் இரட்டிக்கிறது. அப்படியானால் மின்னோட்டமும் இரட்டிக்க வேண்டும் அல்லவா? இரட்டிப்பதில்லை. சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தை எதிர்க்கும் ஒரு மின்னழுத்தம் அதே சுருளில் எழுகிறது. தூண்டப்படும் மின்னோட்டம் தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் என்ற விதியை ஹைன்ரிஷ் லென்ஸ் 1834இல் சொன்னார். இந்தத் தன்மின்தூண்டலால் வரும் மின்மறுப்பு, அதிர்வெண் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கூடும். தள்ளும் விசை இரண்டு மடங்கானால் தடுக்கும் விசையும் இரண்டு மடங்கு. ஆகவே ஒரு வேகத்துக்கு மேல் மின்னோட்டம் ஏறுவதை நிறுத்திவிடுகிறது. ஸ்டேட்டரின் மூன்று ஒயர்களையும் ஒன்றாக முறுக்கிக் குறுக்குச்சுற்று ஆக்கிவிட்டு எஞ்சினை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் மின்னோட்டம் அந்த வரம்போடு நின்றுகொள்ளும்.

வண்டி வடிவமைப்பாளர்கள் இந்தக் குணத்தை நம்பித்தான் ரெகுலேட்டரைச் செய்கிறார்கள். நிலைக்காந்தத்தின் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எஞ்சின் வேகம் ஏறினால் மின்னழுத்தம் ஏறியே தீரும். பேட்டரிக்கோ 14.5 வோல்ட் அளவோடு போதும். மிச்சத்தை என்ன செய்வது? ஷண்ட் வகை ரெகுலேட்டர், பேட்டரி நிறைந்ததும் ஸ்டேட்டரின் ஒயர்களைத் தைரிஸ்டர்கள் வழியாகக் குறுக்குச்சுற்று செய்துவிடுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கிறது. மலிவான, உறுதியான முறை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: பேட்டரிக்குத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டேட்டரில் ஏறத்தாழ முழு மின்னோட்டமும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஃபேஸின் மின்தடை 0.15 ஓம், ஓடும் மின்னோட்டம் 20 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் அதில் பிறக்கும் வெப்பம் 60 வாட். மூன்றுக்கும் சேர்த்து 180 வாட். கொதிக்கும் ஆயிலுக்குப் பக்கத்தில், காற்றோட்டம் இல்லாத மூடிக்குள் இவ்வளவு வெப்பம். ஹெட்லைட்டை அணைத்தால் காயிலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளுக்கு எப்போதும் எரியும் ஹெட்லைட் கட்டாயமானபோது, காயில் எரிந்துவிடும் என்ற பேச்சும் எழுந்தது. ஷண்ட் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. விளக்குக்குப் போகாத மின்னோட்டம் குறுக்குச்சுற்றில் போகும். காயிலுக்குச் சூடு ஒன்றுதான்.

அந்தச் சூடு முதலில் தாக்குவது எனாமலை. கம்பியின் மேலிருக்கும் அந்தப் பூச்சு ஒரு மயிரிழைத் தடிமன்தான். வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மின்காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுநாளாகக் கையாளும் கணக்கு. பூச்சு எங்கோ ஓரிடத்தில் விரிந்து, அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளின் செம்பு ஒன்றையொன்று தொட்டுவிட்டால், அந்த ஒரு சுற்று தனக்குள்ளேயே மூடிய வளையமாகிவிடும். அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் வளையத்தின் மின்தடை மிக மிகச் சிறியது. ஆகவே அந்த ஒரு சுற்றில் மட்டும் பெரும் மின்னோட்டம் ஓடி, பக்கத்துச் சுற்றுகளின் எனாமலையும் சேர்த்து எரிக்கிறது. கழற்றிய ஸ்டேட்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். எல்லாப் பற்களும் ஒரே மாதிரி கருகியிருக்காது. நாலைந்து பற்கள் கரியாகி, கம்பியைக் கட்டிய நூல் பொடியாக உதிரும்; அதே வளையத்தின் மறுபக்கத்தில் சுருள்கள் புதுச் செம்பின் பளபளப்போடு இருக்கும். எஞ்சின் ஆயிலை முகர்ந்தால் கருகிய வார்னிஷ் வாடை அடிக்கும்.

இதனால்தான் மின்தடையை மட்டும் அளந்துவிட்டு ‘காயில் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரு ஃபேஸில் 150 சுற்று இருந்து, அதில் ஒன்று குறுக்குச்சுற்றானால் மின்தடை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மாறும். நம்மிடம் இருக்கும் சாதாரண மல்டிமீட்டரின் மிகக் குறைந்த ஓம் அளவு 200. அது காட்டும் மிகச் சிறிய படி 0.1 ஓம். மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே அரை ஓம் வரை மின்தடை இருக்கும். 0.3 ஓம் உள்ள சுருளில் ஒரு சதவீத மாற்றத்தை அந்த மீட்டரால் காட்டவே முடியாது. மின்தடைச் சோதனை வீண் என்று சொல்லவில்லை. கம்பி அறுந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். மஞ்சள் ஒயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே தொடர்பு ஏற்பட்டிருந்தாலும் காட்டும். அந்த இடத்தில் மீட்டர் எந்த அளவையும் காட்டக் கூடாது. அதைத் தாண்டி அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையைச் சொல்லும் சோதனை எஞ்சின் ஓடும்போது நடக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றுங்கள். மீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து இரண்டு மஞ்சள் ஒயர்களில் பொருத்திய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடங்களுக்குப் பேட்டரியே எஞ்சினைத் தாங்கும். 1250 சுற்று ஐடிலில் 17 வோல்ட் காட்டினால், 2500இல் 34, 5000இல் 68 காட்ட வேண்டும். ஃபாரடே விதி உங்கள் கண்முன் நேர்கோடாக ஏறுகிறது. எண்கள் வண்டிக்கு வண்டி மாறும்; சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மாறக் கூடாதது ஒன்று: மூன்று ஜோடிகளிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று ஃபேஸும் நடுவில் ஒரு புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பில், ஒரு ஃபேஸ் கெட்டால் அது இடம்பெறும் இரண்டு ஜோடிகளும் குறைந்து, மூன்றாவது சரியாக நிற்கும். 68, 50, 51 என்று வந்தால் விவாதத்துக்கு இடமில்லை. மலிவான மீட்டர்கள் பலவும் 400 ஹெர்ட்ஸ் வரைதான் மாறுதிசை மின்னழுத்தத்தைச் சரியாக அளக்கும். நமக்கு 5000 சுற்றில் 500 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆகவே காட்டும் எண் கொஞ்சம் பிசகலாம். மூன்றிலும் ஒரே மாதிரி பிசகும் என்பதால் ஒப்பீடு கெடுவதில்லை. 70 வோல்ட் விளையாட்டுக்குரியதல்ல. கம்பி முனையை விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள்.

பட்டறைகளில் இன்னொரு சோதனை நடக்கும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். தயவுசெய்து இதை யாரையும் செய்ய விடாதீர்கள். ஸ்டேட்டர் தரும் மின்னோட்டத்தை வாங்கி மின்னழுத்தத்தைச் சமன்படுத்துவது பேட்டரி. அதைத் திடீரென்று அகற்றினால் மின்னழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எகிறும். கார்புரேட்டர் காலத்து வண்டியில் பல்பு போகலாம். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியூவே போகலாம். அதன் விலை ஸ்டேட்டரைப்போலப் பல மடங்கு.

ஸ்டேட்டர்தான் கெட்டது என்று உறுதியான பின் கனெக்டரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பதைப் பலமுறை பார்க்கலாம். தளர்ந்த அல்லது பச்சை பூத்த ஒரு முனையில் 0.1 ஓம் மின்தடை சேர்ந்தால், 15 ஆம்பியரில் அங்கே 1.5 வோல்ட் இழப்பு, 22 வாட்டுக்கு மேல் வெப்பம். ஒரு சிறு சால்டரிங் அயர்ன் அளவு சூடு அந்தக் கனெக்டருக்குள். ரெகுலேட்டரோடு ஒரே பெட்டியில் இருக்கும் ரெக்டிஃபையர் டையோடுகளையும் மீட்டரின் டையோடு நிலையில் பாருங்கள்: ஒரு பக்கம் 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் எதுவும் காட்டக் கூடாது. இரு பக்கமும் ஓடும் டையோடு ஒன்று இருந்தாலும் புது ஸ்டேட்டரும் கருகக்கூடும்.

புதியது வாங்குவதா, பழையதற்கே கம்பி சுற்றுவதா? நல்ல கைக்காரர் கட்டிய காயில் கம்பெனிக் காயிலுக்குக் குறைந்ததல்ல. ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டு உறுதி செய்யாமல் கொடுக்காதீர்கள். பழைய சுற்று எண்ணிக்கையை எண்ணித்தான் சுற்றுகிறாரா? சுற்றுகளைக் கூட்டினால் மின்னழுத்தம் ஏறும், ஆனால் தன்மின்தூண்டல் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறுவதால் உச்ச மின்னோட்டம் குறைந்துவிடும். குறைத்தால் ஐடிலில் பேட்டரி ஏறாது. கம்பி எந்த வெப்ப வகுப்பு? சாதாரண மோட்டாருக்கான 130, 155 டிகிரி கம்பி இங்கே தாங்காது; 180க்குக் குறையாத கம்பி வேண்டும், 200 என்றால் நல்லது. மேலே பூசும் வார்னிஷ் சூடான ஆயிலைத் தாங்குமா, அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்குகிறாரா? இந்த மூன்றுக்கும் சரியான பதில் சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

பூட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும். ஸ்டேட்டர் இடப்பக்க மூடியில் இருக்கும் வண்டி என்றால், சைடு ஸ்டாண்டில் போட்டால் ஆயில் அத்தனையும் அந்தப் பக்கம் வரும். நேராக நிறுத்துங்கள், அல்லது ஆயிலை வடித்துவிடுங்கள். மூடியின் போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும். ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் குழப்பம் வராது. எல்லா போல்ட்டையும் எடுத்த பிறகும் மூடி வராமல் அடம்பிடிக்கும். காந்தம் ஸ்டேட்டரின் இரும்பைப் பிடித்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினிய விளிம்பு சிதைந்து ஆயில் கசியும். நேராக இழுங்கள். செல்ஃப் கியரும் அதன் வாஷரும் கூடவே விழலாம், கை வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஸ்டேட்டர் ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும். அங்கே மேக்னெட் புல்லர் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். சுத்தியலால் தட்டினால் காந்தம் விரியும், கிராங்க் தண்டின் சாவி நசுங்கி இக்னிஷன் டைமிங்கும் மாறும்.

ஃப்ளைவீலின் உட்புறத்தைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். காந்தம் எதையும் விடாது. இரும்புத் துகள், உடைந்த ஸ்க்ரூ, தவறிய வாஷர் என எது ஒட்டியிருந்தாலும் முதல் கிக்கிலேயே புதுச் சுருளைக் கிழித்துவிடும். புது ஸ்டேட்டரைப் பூட்டுவதற்கு முன் மேசையிலேயே ஒருமுறை அளந்துவிடுங்கள்: மூன்று ஜோடி மின்தடை, ஒயருக்கும் இரும்புக்கும் இடையே தொடர்பின்மை. கடையிலிருந்தே கெட்டு வந்தது எது, பூட்டும்போது கெட்டது எது என்ற சண்டை அப்போது எழாது. போல்ட் மரைகளில் நடுத்தர வலு லாக்டைட் ஒரு துளி போதும். ஒயர் எங்கும் ஃப்ளைவீலைத் தொடாதபடி கிளாம்புக்கு அடியில் போக வேண்டும். ஒயர் வெளியேறும் ரப்பரைச் சுற்றிச் சன்னமாக அனபாண்ட் பசை. பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாமல் புதியது போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். உருகிய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது இந்த வேலையின் பகுதிதான், தனி வேலை அல்ல.

இப்போது சோதனை. ரெகுலேட்டரோடு சேர்க்காமலே முன்பு சொன்ன மாறுதிசை வோல்ட் சோதனையைச் செய்து மூன்று எண்களும் சமமா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்திச் சேர்த்துவிட்டு, மீட்டரை நேர்த்திசை வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் வையுங்கள். எஞ்சின் ஓடாதபோது முழுதாக ஏறிய பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். ஐடிலில் 13ஐத் தாண்ட வேண்டும். 5000 சுற்றில் 14 முதல் 14.8 வரை நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை; அது பேட்டரியைக் கொதிக்க வைக்கும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூடு ஆறும் முன் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். செம்பின் மின்தடை 100 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். மின்காப்பில் இருக்கும் நுண்ணிய விரிசல் சூட்டில்தான் வாயைத் திறக்கும். குளிர்ந்த நிலையில் எல்லாம் சரியாகக் காட்டி, சூடானதும் ஒரு ஃபேஸ் எஞ்சின் உடம்போடு பேசும் ஸ்டேட்டர்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது ரெகுலேட்டரின் பாசிட்டிவ் முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. நெகட்டிவ் பக்கமும் அப்படியே. எஞ்சினை நிறுத்தியதும் புதுக் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை பொறுக்காத சூடு என்றால் அந்த இணைப்பைத் திரும்பச் செய்யுங்கள். அடிக்கடி எரியும் வண்டிக்கு, குறுக்குச்சுற்று செய்யாமல் தேவைப்படாத நேரத்தில் ஸ்டேட்டரைத் துண்டித்துவிடும் சீரிஸ் வகை ரெகுலேட்டர் நல்ல தீர்வு. காயில் நிச்சயமாகக் குளிர்ந்து ஓடும்.

வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. எஞ்சினை 5000 சுற்றில் ஓடவிட்டு மூன்று ஜோடி அளவுகளையும் பேட்டரி வோல்ட்டையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள், அந்த நான்கு எண்களையும் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டு அதன் பிறகு பணம் கொடுங்கள்.